பூனைக்காலி விதையும் ஒரு தேக்கரண்டிக் கணக்கும்

பார்க்கின்சன் நோய்க்கு நரம்பியல் மருத்துவர்கள் எழுதித் தரும் மருந்துகளில் முதலிடம் லெவோடோபாவுக்கு. அது புழக்கத்துக்கு வந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. அதை மிஞ்சும் மருந்து இன்னும் வரவில்லை. அதே லெவோடோபா நம் ஊர்ப் புதர்களிலும் வேலிகளிலும் ஏறிப் படரும் ஒரு கொடியின் விதையில் இருக்கிறது. கொடியின் பெயர் பூனைக்காலி.

அந்த விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து 1937-ல் உலகுக்கு அறிவித்தவர்கள் எம். தாமோதரன், ஆர். ராமசாமி என்ற இருவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வாளர்கள். வடசென்னையின் ராயபுரத்திலிருந்து பாரிமுனையைத் தாண்டிக் கடற்கரைச் சாலையில் சில கிலோமீட்டர் போனால் வருகிற அதே பல்கலைக்கழகம்தான். அவர்கள் பிரித்தெடுத்த பொருளுக்கும் கை நடுக்கத்துக்கும் தொடர்பு உண்டென்று அன்று யாருக்கும் தெரியாது. அது தெரியவர இன்னும் 20 ஆண்டுகள் ஆயின.

இன்று அந்தத் தொடர்பு பலருக்கும் தெரியும். அதனால்தான் வண்ணாரப்பேட்டை முதல் எண்ணூர் வரை, வீட்டில் ஒருவருக்குக் கை நடுங்கத் தொடங்கியதும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. மாத்திரைக்குப் பதில் பூனைக்காலிப் பொடி சாப்பிடலாமா? கொடியை மாடியில் வளர்த்து நாமே பொடி செய்துகொள்ளலாமா? 'எல்லாம் மூடநம்பிக்கை' என்று இதைத் தள்ளிவிட முடியாது. மருந்து நிஜமாகவே விதைக்குள் இருக்கிறது. சிக்கலும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

நடுக்கத்துக்குப் பின்னால்

1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 6 நோயாளிகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர்களில் சிலரை அவர் தெருவில் நடந்துபோகும்போது கவனித்ததோடு சரி. ஓய்வில் இருக்கும் கை நடுங்குவது, உடல் முன்பக்கம் குனிவது, நடை சிறு சிறு அடிகளாகி ஓட்டமாக மாறுவது ஆகியவற்றை அவர் அதில் விவரித்தார். பின்னாளில் நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. நம் சித்த மருத்துவர்கள் இதை நடுக்குவாதம் என்கிறார்கள்.

மூளையின் நடுப்பகுதியில் கருமையாகத் தெரியும் ஒரு சிறு திட்டு உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. கையை நீட்டுவது, சட்டைப் பொத்தானைப் போடுவது, நாற்காலியிலிருந்து எழுவது போன்ற அசைவுகளை மூளை தொடங்கி வைப்பதற்கு டோபமின் தேவை. பார்க்கின்சன் நோயில் இந்த அணுக்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. நடுக்கம் வெளியே தெரியும்போது அவற்றில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும்.

அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வேறு அடையாளங்கள் தலைகாட்டியிருக்கலாம்: தீராத மலச்சிக்கல், மீன் குழம்பின் வாசனைகூட மூக்குக்கு எட்டாமல் போவது, கையெழுத்து நாளுக்கு நாள் பொடியாவது, நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொள்வது. 2019-ல் உலகில் சுமார் 85 லட்சம் பேருக்கு இந்நோய் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

ஒரு செடி முடக்கியது, ஒரு செடி எழுப்பியது

இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடித்த கதையில் இந்தியாவில் விளையும் செடிகள் இரண்டு வருகின்றன. ஒன்று பூனைக்காலி. மற்றொன்று சர்ப்பகந்தி.

சர்ப்பகந்தி வேரை ரத்தக்கொதிப்புக்கும் மனக்கொந்தளிப்புக்கும் நம் வைத்தியர்கள் நெடுங்காலம் கொடுத்து வந்தார்கள். 1949-ல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் அதன் பலனைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதியதும் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரிசர்பின் பிரிக்கப்பட்டது. ரிசர்பின் சாப்பிட்ட சிலருக்குக் கை நடுங்கியது, உடல் விறைத்தது. பார்க்கின்சன் நோய் போலவே இருந்தது.

1957-ல் ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரிசர்பின் கொடுத்தார். அவை அசைவற்றுக் காது தொங்கிக் கிடந்தன. பிறகு லெவோடோபாவைச் செலுத்தினார். சிறிது நேரத்தில் முயல்கள் எழுந்து நடமாடின. டோபமின் குறைந்தால் உடல் முடங்கும், நிரப்பினால் எழும் என்பது அப்படித்தான் தெரிந்தது. இந்த வழியில் நடந்த ஆய்வுகளுக்காக கார்ல்சன் 2000-ல் நோபல் பரிசு பெற்றார். 1960-ல் வியன்னாவில் ஹெர்பெர்ட் எரிங்கரும் ஒலே ஹார்னிகிவிச்சும், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் வெகுவாகக் குறைந்திருப்பதை அளந்து காட்டினார்கள். 1967-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், டோபாவை (லெவோடோபா இதன் ஒரு வடிவம்) சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தி வாய்வழியாகவே கொடுத்தார். நோயாளிகள் எழுந்து நடந்தார்கள்.

இழந்தது டோபமின் என்றால் டோபமினையே கொடுத்துவிடலாமே? முடியாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. துறைமுக வாசலில் பாஸ் இல்லாத லாரியைப்போல டோபமின் அங்கே நின்றுவிடும். லெவோடோபாவுக்கு அனுமதி உண்டு. உள்ளே போனபின் அது டோபமினாக மாறிக்கொள்ளும். ஆனால் வழியிலேயே, குடலிலும் ரத்தத்திலும், பெரும்பகுதி டோபமினாக மாறி வீணாகிறது. வீணாவது மட்டுமல்ல, வாந்தியையும் தலைச்சுற்றலையும் உண்டாக்குகிறது.

இதைத் தடுக்க லெவோடோபாவோடு சேர்த்துக் கொடுக்கப்படும் துணைமருந்துதான் கார்பிடோபா. மருந்துக்கடையில் 'சின்டோபா 110' என்று கேட்டு வாங்கும் மாத்திரையில் 100 மில்லிகிராம் லெவோடோபாவும் 10 மில்லிகிராம் கார்பிடோபாவும் இருக்கின்றன. 125 என்றால் 100-ம் 25-ம். கார்பிடோபா துணையாக இருந்தால் தேவைப்படும் லெவோடோபாவின் அளவு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இந்த 'நான்கில் ஒரு பங்கை' நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வைத்தியத்தின் கணக்கு முழுவதும் இதில்தான் தடுமாறுகிறது.

கொடியை அருகில் பார்த்தால்

பூனைக்காலி அவரைக் குடும்பத்துக் கொடி. ஆடி மழைக்கு முன்பின்னாக விதையை ஓரிரவு ஊறவைத்து ஊன்றினால் ஒரு வாரம், பத்து நாளில் முளைத்துவிடும். மூன்று மூன்றாக இலை விட்டு, பந்தலோ கம்போ எது கிடைத்தாலும் பற்றி ஏறும். கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூக்கள் சரமாகத் தொங்கும். மார்கழி, தை வாக்கில் காய் முற்றும்.

காய் லேசாக வளைந்திருக்கும். அதன் மேல் பொன்பழுப்பு நிறத்தில் மென்மயிர் போர்த்தியிருக்கும். பார்க்கப் பட்டுப்போல இருக்கும். தொட்டால் தெரியும் சேதி. அந்தச் சுணையில் உள்ள ஒரு புரதநொதி தோலில் தாங்க முடியாத அரிப்பைக் கிளப்பும். கண்ணில் பட்டால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். குழந்தைகள் ஓடியாடும் மொட்டைமாடியில் காட்டுவகைக் கொடியை ஏற்றுவது புத்திசாலித்தனமல்ல. சுணை இல்லாத சாகுபடி வகையும் உண்டு. உழவர்கள் அதைப் பசுந்தாள் உரமாகவும் மூடுபயிராகவும் வளர்க்கிறார்கள். இந்தக் கொடி வேர்வழியே லெவோடோபாவைக் கசியவிட்டுப் பக்கத்துக் களைகளை அடக்கும் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நமக்கு மருந்தாவது, செடிக்கு ஆயுதம்.

உடைத்த விதையைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பாருங்கள். சில மணி நேரத்தில் தண்ணீர் கறுக்கத் தொடங்கும். விதையிலிருந்து இறங்கிய லெவோடோபா காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்து கரும்பொருளாக மாறுகிறது. மூளையில் டோபமின் சுரக்கும் திட்டுக்குக் கருமை தருவதும் இதன் உறவுக்கார வேதிமாற்றம்தான். கறுத்த தண்ணீரைக் கொட்டும்போது மருந்தின் ஒரு பகுதியும் போகிறது.

அடுப்பில் என்ன நடக்கிறது?

மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் காணிக்காரர்கள் பூனைக்காலி விதையை உணவாகவே சாப்பிடுகிறார்கள். பலமுறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் நீரை வடித்துக் கொட்டிய பிறகுதான் சாப்பிடுவார்கள். லெவோடோபாவையும் மற்ற நச்சுப்பொருள்களையும் வெளியேற்றுகிற முறை அது. அதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை மொசாம்பிக் நாடு 1989-ல் கண்டது. பஞ்ச காலத்தில் இந்த விதையைச் சாப்பிட்ட சுமார் 200 பேருக்கு மனக்குழப்பமும் பித்தும் ஏற்பட்ட செய்தி 'லான்செட்' இதழில் பதிவானது.

சித்த மருத்துவத்தில் விதையைப் பாலில் வேகவைத்து, மேல்தோலை நீக்கி, உலர்த்திச் சூரணம் ஆக்குவது வழக்கம். பார்க் டவுன் ராசப்ப செட்டித் தெருவின் நாட்டு மருந்துக் கடைகளில் விதையாகவும் கிடைக்கும், பொடியாகவும் கிடைக்கும். பச்சை விதைப்பொடி, வறுத்த பொடி, பாலில் வேகவைத்த பொடி ஆகிய மூன்றிலும் லெவோடோபாவின் அளவு ஒன்றாக இருக்காது. விதை எந்த வகை, எந்த மண், எப்போது பறித்தது, எவ்வளவு நாள் இருப்பு என்பதைப் பொறுத்தும் அது மாறும். கண்ணால் பார்த்தோ நாக்கில் வைத்தோ இந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியாது.

ஒரு தேக்கரண்டிக் கணக்குப் போடுவோம். பதப்படுத்தாத விதையில் பொதுவாக 4 முதல் 6 சதவீதம் வரை லெவோடோபா இருக்கிறது. ஒரு தேக்கரண்டிப் பொடி 3 கிராம் என்று வைத்தால் அதில் 120 முதல் 180 மில்லிகிராம். இதை இரண்டு பேர் சாப்பிடுகிறார்கள்.

முதலாமவர் வேறு எந்த மாத்திரையும் எடுப்பதில்லை. அவர் உடலில் கார்பிடோபா இல்லை. ஆகவே அந்தத் தேக்கரண்டி 30 முதல் 45 மில்லிகிராம் வரைக்கான வேலையைத்தான் செய்யும். அரை மாத்திரைக்கும் குறைவு. 'பொடி ஒன்றும் கேட்கவில்லை' என்று அவர் அளவைக் கூட்டுவார், வாந்திதான் வரும்.

இரண்டாமவர் காலையில் சின்டோபா போட்டிருக்கிறார். மாத்திரையில் வந்த கார்பிடோபா அவர் உடலில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதே தேக்கரண்டி அவருக்கு முழு வீச்சில் வேலை செய்யும். மருத்துவருக்குத் தெரியாமலேயே ஒன்று, ஒன்றரை மாத்திரை கூடுதலாகப் போட்டதற்குச் சமம். கை கால்கள் தானாக நெளிவது, எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சரிந்து விழுவது, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவது எல்லாம் இப்படித் தொடங்கலாம். பொடி ஒன்றுதான், தேக்கரண்டியும் ஒன்றுதான். விளைவில் நான்கு மடங்கு வித்தியாசம்.

இரவில் சூடான பாலில் கலக்கிக் குடிப்பது நம் பழக்கம். பாலில் உள்ள புரதம் செரித்து அமினோ அமிலங்களாக மாறும். லெவோடோபாவும் ஒரு அமினோ அமிலமே. குடலிலும் மூளைத் தடுப்பிலும் இரண்டும் ஒரே வாசலுக்குப் போட்டி போடும். கார்பிடோபா இல்லாதபோது வைட்டமின் பி6-ம் லெவோடோபாவை வழியிலேயே சிதைக்க உதவும். சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை அறிந்திருப்பதில்லை.

பரிசோதித்துப் பார்த்தவர்கள்

பூனைக்காலியை மருத்துவ உலகம் கண்டுகொள்ளாமல் விட்டுவிடவில்லை. 1995-ல் இந்தியாவில் எச்.பி.-200 என்ற பூனைக்காலித் தயாரிப்பை 60 நோயாளிகளுக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள்; முன்னேற்றம் தெரிந்தது. 2004-ல் லண்டனில் 8 நோயாளிகளிடம் ஒரு சோதனை நடந்தது. 30 கிராம் பூனைக்காலித் தயாரிப்பு, வழக்கமான மாத்திரையைவிட விரைவாக வேலை தொடங்கியது, கூடுதல் நேரம் நீடித்தது. அந்த 30 கிராமில் இருந்த லெவோடோபா 1,000 மில்லிகிராம். அது அளந்து தரப்படுத்திய தயாரிப்பு. ஒப்பிட்ட மாத்திரையில் 200 மில்லிகிராம். நாம் போட்ட நான்கு மடங்குக் கணக்கு இங்கும் ஏறக்குறைய ஒத்துவருகிறது.

மாத்திரை வாங்க வசதியில்லாதவர்களுக்கு வறுத்த விதைப்பொடி உதவுமா என்று பொலிவியாவில் இத்தாலிய மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். ஒரு வேளை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது நல்ல பலன். தினசரி மருந்தாக வாரக்கணக்கில் கொடுத்தபோது 14 பேரில் 7 பேர் பாதியில் நிறுத்தினார்கள். 4 பேருக்கு வயிற்றுத் தொல்லை, 3 பேருக்கு அசைவு மோசமானது. மாத்திரை சாப்பிட்ட காலத்தில் ஒருவரும் நிறுத்தவில்லை. 2018-ல் வெளியான முடிவு இது.

டப்பாவில் விற்கும் பொடியும் மாத்திரையும் மட்டும் நம்பத்தக்கவையா? அமெரிக்காவில் விற்கப்பட்ட 16 பூனைக்காலித் தயாரிப்புகளைச் சோதித்து 2022-ல் வெளியிட்டார்கள். ஒரு வேளை அளவில் இருந்த லெவோடோபா, ஒன்றில் 2 மில்லிகிராம், இன்னொன்றில் 241 மில்லிகிராம்.

நோயைக் குணமாக்கும் ஆற்றல் பூனைக்காலிக்கும் இல்லை, மாத்திரைக்கும் இல்லை. இரண்டும் இழந்த டோபமினை ஈடுகட்டுகின்றன; அணுக்கள் அழிவதை நிறுத்துவதில்லை. வல்லாரை, அமுக்கரா, மஞ்சள் ஆகியவை நோயைத் தடுத்து நிறுத்தும் என்பதற்கு மனிதர்களிடம் உறுதியான சான்று இதுவரை இல்லை. காபி குடிப்பவர்களுக்கு இந்நோய் குறைவாக வருகிறது என்று கணக்கெடுப்புகள் சொன்னாலும், நோய் வந்தவர்களுக்கு காஃபின் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை பலன் தரவில்லை. ஊமத்தை விதையை நடுக்கத்துக்குக் கொடுக்கும் பழக்கம் எங்காவது இருந்தால் உடனே நிறுத்த வேண்டும்; வயதானவர்களுக்கு அது பிதற்றலையும் உயிராபத்தையும் கொண்டுவரும்.

வடசென்னையின் மண்ணும் காற்றும்

மற்ற ஊர்களுக்கு இல்லாத இரண்டு கவலைகள் இந்தப் பகுதிக்கு உண்டு.

முதலாவது மண். எண்ணூரில் அனல்மின் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலையாற்றிலும் சதுப்பிலும் படிந்திருப்பது ஊரறிந்தது. நிலக்கரிச் சாம்பலில் ஈயம், ஆர்சனிக், பாதரசம் போன்றவை சிறு அளவில் இருக்கும். ராயபுரம் வீடுகளில் கரித்தூள் படிந்த காலமும் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாளுவது 2011-ல் நீதிமன்ற உத்தரவால்தான் நின்றது. இப்படிப்பட்ட இடத்துத் தரைமண்ணில் வளர்த்த செடியை, அதுவும் நரம்பு நோய்க்கு, தினமும் மருந்தாகச் சாப்பிடுவது விபரீதம். கீரையோ மூலிகையோ வளர்க்க ஆசை இருந்தால் வெளியிலிருந்து வாங்கிய செம்மண், தொழுவுரம், தென்னைநார்க் கழிவு கொண்டு தொட்டியில் வளர்க்கலாம். இலைகளை நன்றாகக் கழுவ வேண்டும்.

இரண்டாவது தொழில். வெல்டிங் புகையில் மாங்கனீசு இருக்கும். அது அளவுக்கு மீறி மூளையில் சேர்ந்தால் பார்க்கின்சன் போலவே விறைப்பும் தள்ளாட்டமும் வரும். மாங்கனீசுத் தாது அரைத்த தொழிலாளர்களிடம் இதை 1837-லேயே ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் கூப்பர் பதிவு செய்தார். மாங்கனீசால் வரும் இந்தப் பாதிப்புக்கு லெவோடோபா பெரும்பாலும் பயன்படாது. திருவொற்றியூரிலும் மணலியிலும் ஆயுள் முழுக்க வெல்டிங் செய்தவர் நடுக்கத்தோடு வந்தால், தன் தொழிலை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

நடுக்கம் எல்லாமே பார்க்கின்சனும் அல்ல. டம்ளரைத் தூக்கும்போது மட்டும் நடுங்கினால் அது பெரும்பாலும் வேறு வகை. மனநோய்க்கும் வாந்திக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் நடுக்கம் வரும். மாத்திரையை மாற்றினாலே அது சரியாகலாம். நோய் எதுவென்று தெரியாமல் பூனைக்காலியைத் தேடுவது வீண்.

வீட்டில் செய்யக்கூடியவை

சமையலறைக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. பார்க்கின்சன் நோயாளிகளை அதிகம் வதைப்பவற்றில் ஒன்று மலச்சிக்கல். குடல் மந்தமானால் மாத்திரையும் சரியாக வேலை செய்யாது. கீரை, அவரைக்காய், பழம், போதிய தண்ணீர், தேவைப்பட்டால் இசப்கோல் ஆகியவை இதற்கு உண்மையான பலன் தரும் தாவர வைத்தியம். இசப்கோலை மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் இடைவெளி விடுங்கள்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் போடச் சொல்வார்கள். பருப்பு, பால், மீன், முட்டை ஆகியவற்றைக் குறைக்க வேண்டாம், நேரத்தை மாற்றினால் போதும். மதியம் மீனைச் சாப்பிட்டதும் உடம்பு முடங்கினால், மருத்துவரிடம் கேட்டு மீனை இரவுக்குத் தள்ளிப் பார்க்கலாம். தினமும் உடற்பயிற்சி அவசியம். காசிமேட்டுக் கடலோரமோ தெருமுனையோ, கை வீசி, அடியை நீட்டி வைத்து நடப்பது மருந்துக்கு இணையான துணை.

பூனைக்காலியைத்தான் எடுக்க வேண்டும் என்று மனம் சொன்னால் அதற்கும் வழி உண்டு. அரும்பாக்கம் அரசு சித்த மருத்துவமனையிலும் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் தகுதியுள்ள சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். ராயபுரத்துக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும், சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் நரம்பியல் துறை இருக்கிறது. சித்த மருத்துவரிடம் சின்டோபா சீட்டைக் காட்டுங்கள். நரம்பியல் மருத்துவரிடம் சூரண டப்பாவை மறைக்காமல் எடுத்து வையுங்கள். பார்க்கின்சனுக்கே தரப்படும் ரசாஜிலின், செலிஜிலின், மனச்சோர்வு மாத்திரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை எதைச் சாப்பிட்டாலும் இருவருக்கும் தெரியட்டும்.

பொடியை நம்பி மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் கடுங்காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பூனைக்காலி மருந்துதான், சந்தேகமில்லை. மருந்து என்பதால்தான் அதை அளந்து, மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிட வேண்டும்.